பெயிண்ட் வாளியில் அசாம் மிளகாய்

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல், போகும்போது மாரிச்செல்வியின் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சாம்பாரும் ரசமும் அவளுக்கு ஒன்றாகிப்போயின. நாக்கில் மிச்சமிருந்தது உறைப்பு மட்டும்தான். அதனால் ராஜபாளையத்தில் அவள் வீட்டுக் குழம்பு மாதத்துக்கு மாதம் சிவந்துகொண்டே வந்தது. லோடு வேன் ஓட்டும் அவள் கணவன் பால்சாமி சாப்பாட்டுக்கு நடுவில் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான்.

“இதுக்கு மேல உறைப்பு வேணும்னா நீ அசாமுக்குத்தான் போவணும்ட்டி.”

அவள் போகவில்லை. போனில் ஆர்டர் போட்டு, உறைப்புக்குப் பேர்போன அசாம் மிளகாய் விதையை வரவழைத்தாள். பொட்டலத்தில் பத்தே விதை. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒருநாள் ஊறவைத்து, ஈரத்துணியில் சுற்றி, மூடிபோட்ட டப்பாவில் அடைத்து, சூடு வேண்டுமென்று இன்வெர்ட்டர் மேல் வைத்தாள்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை.

“தூரப் போடு. நம்மூரு விதைன்னா இதுக்குள்ள காய்ச்சிருக்கும்” என்றான் பால்சாமி.

“செத்த பொறுங்க. தூரத்துல இருந்து வந்திருக்குல்லா.”

பதினேழாம் நாள் இரண்டு முளைத்தன. ஒன்று அழுகிவிட்டது. மற்றதைப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டு மாடியில் வைத்தாள். சித்திரை வெயிலில் பூவெல்லாம் கொட்டியது. பால்சாமியே தன் வேட்டியைக் கிழித்துப் பந்தல் கட்டினான். ஆடியில் மலைக்காற்று இறங்கியதும் நாலு காய் பிடித்தன. சுருங்கிய தோலோடு, பார்க்க நோஞ்சானாக இருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், முதலில் பழுத்ததைப் பறித்து, கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு குறுக்கே நறுக்கினாள். கத்தி அப்படியே நின்றது.

“ஏங்க, இங்க வாங்க. இதுல ஏதாச்சும் பழவாசம் அடிக்கா?”

பால்சாமி குனிந்து மோந்து பார்த்தான். “ஆமா, அடிக்கு. மாம்பழம் மாதிரி.”

“எனக்காகப் பொய் சொல்லாதிய.”

“சத்தியமா அடிக்கு. ஒனக்கு வருதா?”

“லேசா வருது.”

அவள் அடுக்களைக்கு ஓடி காப்பித்தூள் டப்பாவைத் திறந்தாள். பெருங்காயத்தைத் திறந்தாள். கொடியில் கிடந்த அவன் சட்டையைக்கூட மோந்து பார்த்தாள். எதுவும் வரவில்லை. திரும்பி வந்து மிளகாய்மேல் குனிந்தாள். வாசம் அங்கேயே இருந்தது, எங்கோ தூரத்து வீட்டில் பழம் நறுக்குவதுபோல.

“இருக்குங்க” என்றாள்.

பால்சாமிக்குச் சந்தோஷத்தில் கைகால் ஓடவில்லை. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டான்.

முதலில் சிரித்தான். அப்புறம் காது சிவந்தது. அப்புறம் விக்கல் வந்தது. சொம்பைத் தேடிப் போனவனை அவள் மறித்தாள். “தண்ணி வேண்டாம், எரிச்சல் கூடும். தயிர் தாரேன்.”

காற்றாடிக்குக் கீழே வெறுந்தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தான், கண்ணில் நீர் தாரை தாரையாக வடிய. மாரிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து கரண்டி கரண்டியாகத் தயிர் ஊட்டினாள். பாலித்தீன் மாட்டிய மறுகையில், மூக்குக்குப் பக்கமாக, பாதி மிளகாய்ப் பழத்தைப் பிடித்திருந்தாள்.