எதுவும் செய்யாத ஒரு தடவை

காலை ஐந்தரைக்கு அவன் எழுந்து பால் காய்ச்சுவான். ஆறு மணிக்கு அவள் எழுந்து முந்தின நாள் துணிகளை மடித்து வைப்பாள். ஆறே முக்காலுக்குத் தேநீரும் ரொட்டியும். ஏழு மணிக்குக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைப்பான். அவள் தோடுகளைக் கழற்றி அதன் பக்கத்தில் வைப்பாள். பிறகு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து பற்களை இறுக்கிக்கொள்வார்கள். ஏழு பத்துக்கு அவன் இடது கன்னத்தில் ஓர் அடி விழும். சில நாள் அவளுக்கும் விழும். அறையில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஏழரைக்கு அவள் கோடு போட்ட நோட்டை எடுத்து, தேதி, நேரம், யாருக்கு, எந்தக் கன்னம், எவ்வளவு பலம் என்று எழுதுவாள். ஒன்று என்றால் கொசு அடித்த மாதிரி. மூன்று என்றால் அப்பா அடித்த மாதிரி. ஐந்து என்றால் பல் ஆடும். எழுதி முடித்ததும் தோடுகளைப் போட்டுக்கொள்வாள். இருவரும் வேலைக்குப் போவார்கள்.

அந்தத் தெருவில் மொத்தம் நாற்பத்திரண்டு வீடுகள். எல்லா வீட்டிலும் இப்படித்தான். முதல் மாதத்தில் நேர்ந்த சேதமெல்லாம் அந்த அடியால் வந்ததல்ல, பக்கத்தில் நின்றவர்மேல் வந்த சந்தேகத்தால் வந்தது. சைக்கிள் கடை அண்ணன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது தம்பி மட்டுமே அங்கே நின்றான். அண்ணன் ஸ்பேனரால் தம்பியின் முழங்கையை உடைத்தான். எட்டாம் எண் வீட்டில் மருமகளும் மாமியாரும் ஒருவரையொருவர் இருபது நாள் அடித்துக்கொண்டார்கள். முதல் அடி எவருடையதும் அல்ல என்று தெரியவந்தபோது, அவர்களுக்குள் இருந்த பழைய பாக்கிகளெல்லாம் தீர்ந்திருந்தன. போகப் போகத் தெருவுக்கு விஷயம் புரிந்தது. அடிகள் சில நாள் தொடர்ந்து விழும், பிறகு நின்றுவிடும், ஒன்றரை இரண்டு மாதம் கழித்து மறுபடி தொடங்கும். மழைக்காலம் என்பதுபோல அதை அடிக்காலம் என்றார்கள். ஏழு பத்துக்கு முன்பும் ஏழரைக்குப் பின்பும் ஒருநாளும் விழுந்ததில்லை.

நான்காவது அடிக்காலத்தின் ஒன்பதாம் நாள், மாவு மில்காரருக்கு விழுந்த அடியில் அவருடைய பல்செட் தெறித்துச் சாக்கடையில் விழுந்தது. அதைப் பார்த்துத் தையல்காரர் சிரித்தார். சிரித்தவன்தான் செய்கிறவன் என்று தெரு முடிவு செய்தது. அவரை மில்லுக்குள் இழுத்துப்போய், தரை கழுவ வசதியானது என்பதால் அங்கேயே வைத்து அடித்தார்கள். அவருடைய வலது கண் போனது. மறுநாள் ஏழு பத்துக்கு யாருக்கும் எதுவும் விழவில்லை. ஆகவே மருந்து கிடைத்துவிட்டது. அடுத்த அடிக்காலத்தில் பேப்பர்காரனின் தோள்பட்டை எலும்பு. அதற்கடுத்ததில் பூட்டு ரிப்பேர்காரரின் மூன்று விரல்கள். இரண்டு தடவையும் மறுநாளே அடி நின்றது.

தையல்காரரின் கால்களைப் பிடித்துக்கொண்டவன், காலையில் பால் காய்ச்சுகிற அவன்தான். அன்று காலை அவன் உதடு கிழிந்திருந்தது. மில்காரர் "பிடிப்பா" என்றார், பிடித்தான். கடைகளின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்துவது அவன் உத்தியோகம். உதறிக்கொண்டிருந்த இரண்டு கால்கள் எவ்வளவு கனம் என்பது அவன் கைகளுக்கு மறக்கவே இல்லை.

அவள் மருந்துச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தாள். எந்தக் கூண்டு எலிக்கு மருந்து, எந்தக் கூண்டு எலிக்கு வெறும் தண்ணீர் என்று தீர்மானிப்பது அவள் பொறுப்பு. எது எது என்று எலிகளைக் கவனிக்கிறவர்களிடம் சொல்லாமலிருப்பதும் அவள் பொறுப்பு. ஏழாவது அடிக்காலத்தின் ஆறாம் நாள் நோட்டோடு மில்லுக்குப் போய், கூடியிருந்தவர்கள் முன் வாசித்துக் காட்டினாள். யாரையும் மில்லுக்கு இழுத்துப்போய் அடிக்காத முதல் மூன்று அடிக்காலங்களும் ஒன்பது ஒன்பது நாளில் தாமாகவே நின்றிருந்தன. தெருவின் பொறுமையும் சரியாக ஒன்பது நாள்தான். அடி எப்படியும் நிற்கப்போகிற நாளாகப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்து அடித்திருந்தார்கள்.

"சளிக்கு மருந்து சாப்பிட்டா ஏழு நாள், சாப்பிடலேன்னா ஒரு வாரம். அந்த மாதிரிதான் இதுவும்" என்றாள்.

"காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதைன்னு சொல்றீங்க" என்றார் மில்காரர். "சரிம்மா. பழம் விழுந்துச்சா இல்லியா?"

"விழுந்துச்சு. காக்கா உக்காராத அன்னைக்கும் விழுதான்னு யாராவது பாத்தீங்களா?"

"அதுக்காக காக்காவை விரட்டிட்டு மரத்தடியில வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கணுமா?"

"ஆமா. ஒரே ஒரு தடவை."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். வீட்டுக்கு வந்ததும், இதை விட்டுவிடு என்றான். அடித்ததால்தான் நின்றது என்றால், தையல்காரரின் கண் நாற்பத்திரண்டு வீடுகளுக்காகப் போன கண். தானாகவே நின்றது என்றால், அவன் ஒரு மனிதனின் காலைச் சும்மா பிடித்திருக்கிறான். அதை அவன் அவளிடம் ஒரு தடவைதான் சொன்னான். "அதனாலதான் பாக்கணும்" என்றாள்.

அந்த முறை தெருவின் விரல் மில்காரரின் மருமகனை நோக்கி நீண்டது; அவன்தான் தெருவுக்குக் கடைசியாகக் குடிவந்தவன். எட்டாம் நாள் மில்காரர் தானாகவே அவளைத் தேடி வந்தார். ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே தவிட்டு மூட்டையை அடிப்பதென்றும், வெளியே நிற்பவர்கள் ஆளைத்தான் அடிக்கிறார்கள் என்று நினைக்கட்டும் என்றும் அவள் யோசனை சொன்னாள். மருமகனைக் கத்திக் காட்டச் சொன்னார்கள். அது வாய் கொப்பளிக்கிற சத்தம்போல இருந்தது. தையல்காரரை அழைத்துவந்தார்கள்.

"எவ்வளவு நேரம் கத்தணும்?" என்று கேட்டார் தையல்காரர்.

"அன்னைக்கு எவ்வளவு நேரம் கத்துனீங்களோ அவ்வளவு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். ஆள் மட்டும்தான் மாறணும்."

"பதினோரு நிமிஷம்" என்றார் அவர், தன் காலைப் பிடித்திருந்தவனை மீதமிருந்த கண்ணால் பார்த்துக்கொண்டு.

மூட்டையின் கீழ் முனைகள் இரண்டையும் அவன் பிடித்துக்கொண்டான். மில்காரர் ஷட்டர் இழுக்கிற கம்பியால் அடித்தார். தையல்காரர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் கூடாமல் குறையாமல் கத்தினார். வெளியே இரண்டு பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். மூட்டை பிய்ந்து தவிடு பறந்தது. கன்னத்தில் தவிடு அப்பியிருந்த மருமகனுக்குத் தலையில் கட்டுப்போட்டு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் அடி நின்றது.

மில்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இனி தவிடே போதும் என்றார். அவனுக்கும் அது தாங்கக்கூடியதாக இருந்தது: அடிப்பது அவசியம்தான், ஆளில்தான் பிழை. அவள் ஒப்புக்கொள்ளவில்லை. மூட்டையால் நின்றதா, தானாக நின்றதா என்பது இன்னும் தெரியாது. மூட்டையையும் அடிக்காத ஒரு தடவை வேண்டும் என்றாள்.

"எதுவுமே செய்யாம சும்மா இருக்கறதுக்கு எதுக்கும்மா சோதனைன்னு ஒரு பேரு?" என்றார் மில்காரர்.

"சும்மா இருந்து பாருங்க, தெரியும்" என்றாள்.

எட்டாவது அடிக்காலம் முந்தையவை எல்லாவற்றையும்விடக் கொடூரமாக இருந்தது. ஐந்தாம் நாள் ரொட்டிக் கடைக்காரரின் தாடை இறங்கியது. ஆறாம் நாள் எட்டாம் எண் வீட்டு மாமியாரின் செவிப்பறை கிழிந்தது. ஏழாம் நாள் இரண்டு பேர் நின்ற இடத்திலேயே மயங்கி விழுந்தார்கள். எட்டாம் நாள் அவள் ஒரு நாணயத்தைச் சுண்டினாள். தலை விழுந்தால் மூட்டை, பூ விழுந்தால் எதுவுமில்லை. விழுந்ததை உள்ளங்கைக்குள் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். என்ன விழுந்தது என்று அவனிடம் சொல்லவில்லை. நாளை நீ பின்னறையில் இரு, காதில் பஞ்சு வைத்துக்கொள், ஜன்னலைத் திறக்காதே, நான் வந்து கதவைத் தட்டுகிறவரை வெளியே வராதே என்றாள். மறுநாளும் அதற்கு மறுநாளும் அடியின் பலத்தை அளக்கப்போகிறவன் அவன். தெருவில் நடந்தது அவனுக்குத் தெரியக் கூடாது.

"எங்கிட்டயே மறைக்கிறியா?"

"உன்கிட்டதான் மறைக்கணும். உனக்கு ஒரு ஆசை இருக்கு. ஆசை இருக்கறவன் கை தராசைத் தொட்டா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

ஒன்பதாம் நாள் காலை பால், தேநீர், ரொட்டி எல்லாம் வழக்கம்போல. அவள் தோடுகளை இழுப்பறையில் வைத்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு போனாள். அவன் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஒரு துண்டுக் காகிதத்தோடு பின்னறையில் உட்கார்ந்தான். ஏழு பத்து, இடது கன்னம், பலம் ஐந்து. எழுதினான். ஏழு ஐம்பதுக்குத் தரை லேசாக அதிர்வதுபோல இருந்தது. மூட்டையை அடிக்கிறார்கள் என்று நினைத்தான். அப்படியானால் தலைதான் விழுந்திருக்கிறது. அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. அவள் தட்டவில்லை. சோதனையைக் கெடுத்துவிடக் கூடாது என்று உட்கார்ந்திருந்தான். பதினொன்று இருபதுக்குக் கதவு அதிர்ந்தது. திறந்தபோது போலீஸ்காரர் நின்றார்.

விழுந்தது பூ. மில்காரர் கடைசிவரை ஷட்டரைத் தூக்கவில்லை. ஏன் இன்னும் யாரையும் பிடிக்கவில்லை என்று கூட்டம் அவரைக் கேட்டது. பயத்தில், போன தடவையே வெறும் தவிடுதான் என்று உளறிவிட்டார். மருமகனின் முடியை விலக்கித் தழும்பைத் தேடினார்கள். அவன் தலை முழுசாக இருந்தது. அவனை இழுத்தார்கள். மில்காரர் ஷட்டரின் முன் நின்றிருந்த அவளைக் கைகாட்டினார். அவளிடம் நோட்டைத் தவிர எதுவுமில்லை. ஏழு ஐம்பதுக்குத் தொடங்கி எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு முடித்தார்கள். முழங்கை உடைந்த நாளிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாத சைக்கிள் கடை அண்ணனும் தம்பியும் அன்று ஒரே கம்பியின் இரண்டு முனைகளைப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்கிறார்கள்.

விசாரணையில் நாற்பத்தொரு வீடுகளும் ஒரே வாக்குமூலம் கொடுத்தன: இந்தத் தெருவில் யாரும் அடிக்காமலேயே அடி விழும், அப்படித்தான் விழுந்தது. ஆதாரமாக அவளுடைய நோட்டையே எடுத்துக் கொடுத்தார்கள். பதினாறு மாதம், நாள் தவறாமல், அவள் கையெழுத்து. அவன் இரண்டாவது பத்தியில் இருந்த நேரங்களைக் காட்டினான்: ஏழு பத்து முதல் ஏழரை வரை, அதற்கு மேல் ஒருநாளும் இல்லை. "அடி என்ன கையில வாட்ச் கட்டிக்கிட்டா வருது?" என்றார் இன்ஸ்பெக்டர். நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பத்தாம் நாள் யாருக்கும் எதுவும் விழவில்லை. இதுவரை செய்ததிலேயே இதுதான் சரியான வைத்தியம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒவ்வொரு அடிக்காலத்துக்கும் தெரு என்ன செய்தது என்று நோட்டில் அவள் எழுதிவந்த கடைசிக் கட்டத்தை அவன் இந்த முறை காலியாக விட்டான்.

இரண்டு மாதம் கழித்து ஒன்பதாவது அடிக்காலம் வந்தது. யாரைப் பிடிப்பது என்று இந்த முறை யாரும் வாயைத் திறக்கவில்லை. வெட்கமா, பயமா, எதிர்வீட்டுக்காரன் முதலில் சொல்லட்டும் என்பதா என்று அவன் விசாரிக்கவில்லை. ஒன்பதாம் நாள் நோட்டை எடுத்துக்கொண்டு போய் மில் ஷட்டரின் முன் நின்றான். காதில் பஞ்சு வைக்கவில்லை. தரை கழுவியிருந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை. எட்டு மணி ஒரு நிமிடம் ஆனதும் வேலைக்குப் போய் நாற்பது எடைக்கற்களுக்கு முத்திரை குத்தினான். பத்தாம் நாள் ஏழு பத்துக்கு மேசை முன் பற்களை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தான். ஏழரை வரை எதுவும் விழவில்லை.

நோட்டைத் தையல்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினான். அவர் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, விரலால் வரிவரியாகத் தொட்டுக்கொண்டே கடைசிவரை வாசித்தார்.

"அப்போ சும்மாதான் போச்சு" என்றார்.

"காலைப் பிடிச்சது நான்தான்."

"தெரியும். பிடி நல்லா இருந்துச்சு."

காலியாக இருந்த கட்டத்தைக் காட்டி, இதில் என்ன எழுதுவது என்று அவன் கேட்டான். அவளை அடித்த அன்று, தான் கத்த வேண்டியிருக்குமா என்று கேட்பதற்காகத் தையல்காரர் அவளுக்கு மிக அருகில் போய் நின்றிருந்தார். நான்காவது நிமிடத்தில் அவள் சொன்னதை அவர் சொன்னார். அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை என்றார். அவன் வீட்டுக்கு வந்து, எட்டாவது அடிக்காலத்தின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு கிழித்தான்.

இப்போது அந்தத் தெருவில் யாரும் யாரையும் பிடித்து அடிப்பதில்லை. அடிக்காலம் வருகிறது, ஒன்பது நாள் இருக்கிறது, போகிறது. ஏழு மணிக்கு நாற்பத்திரண்டு வீடுகளிலும் கண்ணாடிகளையும் பல்செட்டுகளையும் கழற்றி இழுப்பறைகளில் வைக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஏழே முக்காலுக்கு மணி அடிக்கிறது. அவன் ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்க்கிறான். சில நாள் எதிர் நாற்காலியில், ஆள் உட்கார்ந்தால் கன்னம் இருக்கக்கூடிய உயரத்தில், வெறும் காற்றில் சத்தத்தோடு ஓர் அடி விழுகிறது. அதை அவளுடைய பத்தியில் எழுதுகிறான். சத்தத்தை வைத்து மூன்று, நான்கு என்று போடுகிறான்.

அவள் என்ன சொல்லிச் செத்தாள் என்பதற்குத் தெருவில் பல கதைகள் உண்டு. சாபம் விட்டாள் என்கிறார் மில்காரர். தண்ணீர் கேட்டாள் என்கிறான் மருமகன். புருஷனைக் கூப்பிட்டாள் என்று சைக்கிள் கடை அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொல்கிறார்கள். அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது தையல்காரருக்கு மட்டும்தான் கேட்டது.

"இந்தத் தடவையைக் கணக்குல சேக்காதீங்க."