அக்கா தவறவிட்ட ஐந்தாவது புள்ளி

1
மறைப்பானேன், இந்தக் கதை எனக்கு வந்த கோபத்தில் பிறந்தது. என் அக்கா நீச்சல் குளத்தில் உயிர்காப்பாளர். புது மேலாளர் ஒரு கண் பரீட்சை வைத்தார். திரையில் பத்து வெள்ளைப் புள்ளிகள். ஐந்து மட்டும் மின்னி அடங்கும். அப்புறம் பத்தும் ஒரே மாதிரி ஆகி, கன்னாபின்னாவென்று ஓடும். நின்றதும் அந்த ஐந்தையும் தொட்டுக் காட்ட வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் வேலையும் போச்சு.

முதல் இரண்டு முறையும் அக்கா நாலைத்தான் பிடித்தாள்.

2
அன்று காலை வானம் (வேண்டாம். குளம் கூரைக்கு அடியில் இருக்கிறது, வானத்துக்கு இங்கே என்ன வேலை?)

"நாலை மட்டும் எப்படிக்கா பிடிச்சே?"

"வீட்டு ஆளுங்க பேரை வெச்சேன்டா. உங்க மாமா, பெரியவ, சின்னவ, என் மாமியார்."

"அஞ்சாவது?"

"நீதான். ரெண்டு தடவையும் நீதான் தொலைஞ்சே."

கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு மாமியாரைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறாள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

(இடைச்செருகல்: ஓடுகிறவற்றில் நாலைந்துக்கு மேல் மனிதக் கண் விடாமல் தொடராதாம். அந்த 'ஐந்து' நம் வீட்டுக்கு மட்டும் பொருந்தவில்லை போலிருக்கிறது.)

3
பேனா என் கையில்தானே? 'மூன்றாவது முறை ஐந்தையும் பிடித்தாள்' என்று எழுதினேன். நானே நம்பவில்லை, அடித்துவிட்டேன். என்னைப் பிடித்து மாமியாரை விட்டதாக எழுதினேன். அக்கா படித்துவிட்டு அலறினாள்.

"டேய், நான் வீட்டுக்குள்ள நுழையணுமா வேண்டாமா?"

"அப்ப நான் மட்டும் இளிச்சவாயனா?"

"லூசு! அவங்க நாலு பேருக்கும் நீச்சல் தெரியாதுடா. உனக்கு நானே கத்துக் குடுத்தேன். நீ தப்பிச்சுக்குவேன்னுதான் கண்ணை எடுத்தேன்."

கோபம் போன இடம் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது.

4
எனக்கு நீச்சல் தெரியாது. அவள் கற்றுக்கொடுத்தபோது, ஆழமில்லாத பக்கம் காலைத் தரையில் ஊன்றி நடந்துகொண்டே கையை மட்டும் அடித்தேன். அவள் கைதட்டினாள். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

மேலாளர் கூப்பிட்டுவிட்டார், கடைசி வாய்ப்பு. இப்போது உண்மையைச் சொன்னால், பயத்தில் என்னையே வெறித்துப் பார்த்து மற்ற நாலையும் விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால்...

புள்ளிகள் ஓடத் தொடங்கிவிட்டன. முடிவு எழுத எனக்குக் கை வரவில்லை, நான் அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். திரையைக் கொஞ்சம் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மற்ற நாலு பேரை அவள் விடமாட்டாள். அந்த ஐந்தாவதிலிருந்து மட்டும் கண்ணை எடுத்துவிடாதீர்கள்.