வளைந்த நான்கு டிராகன்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் முகப்பேர் கடை மாடியில் நடந்த கார்டு விளையாட்டுப் போட்டியில் கடைசிவரை இருந்தவர்கள்: கடைக்காரரும் நடுவருமான ஃபாரூக் பாய், காலிறுதியிலேயே மண்ணைக் கவ்விவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட்ட வினோத், பருத்திப்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த கல்லூரிக்காரி கிருஷ்ணப்பிரியா, அம்பத்தூர் எஸ்டேட்டில் ராத்திரி ஷிஃப்ட் முடித்துத் தூங்காமல் வந்த உத்தமன். அப்புறம், ஓடாத ஏசி ஒன்று.

இறுதிச் சுற்று உத்தமனுக்கும் கிருஷ்ணப்பிரியாவுக்கும், மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஜெயிப்பவருக்குப் பெங்களூர் தேசியப் போட்டியில் ஓர் இடம். அந்த இடத்துக்காக உத்தமன் மூன்று வருஷமாகத் தூக்கத்தைத் தின்றுகொண்டிருந்தான். காலேஜை விட்டதைத் தவிர அவன் முழுதாக முடித்த காரியம் எதுவும் இல்லை.

ஆளுக்கு அறுபது கார்டு கொண்ட ஒரு கட்டு, அதுதான் டெக். கலைத்த டெக்கை எதிராளியிடம் நீட்ட வேண்டும். அவர் ஒருமுறை வெட்டி, கீழ்ப்பகுதியை மேலே வைத்துத் தருவார். கிருஷ்ணப்பிரியாவின் பலம் நான்கு டிராகன்கள். நான்கும் ஃபாயில், மினுக்குத் தாள் ஒட்டியவை. ஆட்டத்தில் சாதாக் கார்டுக்கும் அதே மதிப்புதான். அழகுக்கு ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். ஏசி நின்ற புழுக்கத்தில் அவை காயப்போட்ட அப்பளம் மாதிரி வளைந்துவிட்டன. டெக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் டிராகன் இருக்கும் இடத்தில் மயிரிழை இடைவெளி. அதற்குக் கீழே வெட்டினால் டிராகன் அடிக்குப் போய்விடும், அவள் கைக்கு வராது.

முதல் ஆட்டத்தில் உத்தமன் அப்படித்தான் வெட்டினான், ஜெயித்தான். இரண்டாவதில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வெட்டினான். இரண்டு டிராகன்கள் வந்து அவனைத் துவைத்துப் போட்டன.

மூன்றாவதுக்கு அவள் டெக்கை நீட்டினாள்.

"மொத ஆட்டத்துல லக்கே இல்லண்ணா. பார்த்து வெட்டுங்க" என்று சிரித்தாள்.

அவன் கட்டைவிரல் அதுவாகவே இடைவெளியில் போய் நின்றது. ஊசிப்போன சோற்றில் விரலை விட்டதுபோல் இருந்தது.

"இன்னா மாமே, தூங்கிட்டியா?" என்றான் வினோத்.

உத்தமன் டெக்கைக் கீழே வைத்தான். "பாய், இவங்க ஃபாயில் வளைஞ்சிகீது. எங்க கீதுன்னு வெளிய தெரியுது. மொத ஆட்டத்துல அதப் பார்த்துதான் வெட்டினேன்."

ஃபாரூக் பாய் டெக்கைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தார். "ஆமா, கீது. அடையாளம் தெரியிற டெக்குக்கு அத கொண்டாந்தவங்கதான் பொறுப்பு. இந்த ஆட்டம் உனக்குப் போச்சும்மா."

"நான் வெட்டினது பாய்?"

"அத யாரு பார்த்தா? வளைஞ்சது என் கண்ணு முன்னால கீது."

வினோத் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "செம ஆளு மச்சான் நீ. உண்மைய சொல்லியே ஜெயிச்சிகினியே."

போன மாதம் இதே மேசையில் பாண்டியன் என்ற பையன் வளைந்த கார்டு வைத்திருந்ததற்காக இப்படித்தான் தோற்றான். அன்று கைதட்டியவர்களில் உத்தமனும் ஒருவன். பாயைக் கூப்பிட வாய் திறந்தபோது அது ஞாபகம் இருந்ததா என்று யோசித்தான். இருந்தது.

விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பாய் முடிவுத் தாளை நீட்டினார். உத்தமன் கையெழுத்துப் போட்டான். பேனா வழுக்கியது, உள்ளங்கை அவ்வளவு வேர்த்திருந்தது. அந்தக் கையைப் பேண்ட்டில் துடைத்தான். போகவில்லை.

கிருஷ்ணப்பிரியாவும் கையெழுத்துப் போட்டாள். டிராகன்களைத் தனியே எடுத்து, பாடப்புத்தகத்துக்குள் வைத்து அழுத்தினாள். அழவில்லை.

"சொல்லாமலே ஜெயிச்சிருக்கலாம்ணா" என்றாள். "லக்கு இல்லன்னு நெனச்சிகினு ஊட்டுக்குப் போயிருப்பேன்."

பையை மாட்டிக்கொண்டு வெளியே போனாள்.

"ஃபோட்டோ எடுக்கணும், யாராச்சும் நடுவுல பூந்துடுவாங்க" என்று ஃபாரூக் பாய் எழுந்தார். "கொஞ்சம் சிரிச்ச மூஞ்சியா நில்லுப்பா."

அவள் இன்னும் பாதிப் படிகூட இறங்கியிருக்கவில்லை. பாய் கதவைச் சாத்திப் பூட்டினார்.