விரதமும் வெறும் வயிறும்

தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு சந்துக்குள் இருந்த சிறிய கிளினிக்கில்தான் சோமசுந்தரம் நெடுங்காலம் இனிப்பு நீர் நோய்க்கும் இதயத்துக்கும் மருந்து வாங்கிவந்தார். அங்கே மருத்துவர் ஒருவரே. நாடி பிடித்தபடியே மகளின் தேர்வை விசாரிப்பார். இரவில் இடியாப்பமா சோறா என்று கேட்பார். ரத்தப் பரிசோதனை என்றால், "நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க, காப்பிகூட வேணாம்" என்பார். அவர் ஓய்வுபெற்றுக் கதவை மூடிய நாளில், நெருங்கிய உறவினரை வழியனுப்பியவரைப் போலச் சோமசுந்தரம் வீடு திரும்பினார்.

இப்போது அதே தீவின் பாயான் பாருவில் அரசு கிளினிக். சில மாதங்களுக்கு ஒருமுறை வேறு முகம். ஒரு கதையில், காட்டில் யானைக்கு வைத்தியம் பார்க்கக் கழுகையும் ஆமையையும் அமர்த்தினார்களாம். கழுகு உயரத்திலிருந்து நோயைக் கண்டது. ஆமை அருகில் அமர்ந்து கதை கேட்டது. சோமசுந்தரத்தின் மனமோ, இரண்டுமாக இருந்த பழைய மருத்துவரையே தேடியது.

சில மாதங்களாகக் காலைச் சர்க்கரை ஏறியே இருந்தது. மாத்திரையைக் கூட்டியும் இறங்கவில்லை. இம்முறையும் குறையாவிட்டால் இன்சுலின் ஊசி என்று, இப்போது அங்கே பார்க்கும் டாக்டர் ஹைக்கல் சொல்லியிருந்தார். ஊசி போட்டுக்கொண்ட தம் அண்ணன் பிறகு கால் ஒன்றை இழந்ததைப் பார்த்திருந்த சோமசுந்தரம், அந்த ஊசியையே காரணமாக எண்ணி அஞ்சினார்.

அடுத்த பரிசோதனையிலும் சர்க்கரை அளவு இறங்கவில்லை. ஆனால் மூன்று மாதச் சராசரி அவ்வளவு மோசமில்லை என்பது டாக்டர் ஹைக்கலுக்கு உறுத்தியது. வெளியே கூட்டம் காத்திருந்ததால், பொறுமையாக விசாரிக்கும்படி, இனிப்பு நீர்க்காரர்களைக் கவனிக்கும் தாதி மிஸ்ஸி சுபாஷினியிடம் அனுப்பினார்.

காலையிலிருந்து என்னென்ன செய்தார் என்று சுபாஷினி கேட்டாள். பதில் சொன்னவர் அவர் மனைவி மெய்யம்மை.

"பூவாசா இருந்து வரச் சொன்னாங்கள்ல, சுத்தமா விரதம் இருந்துதாம்மா கூட்டியாந்தேன். குளிச்சு, சாமி கும்பிட்டு, பாலும் பழமும்தான்."

"என்ன பழம் ஆச்சி?"

"பிசாங் மாஸ். சின்ன வாழைப்பழந்தானே, ரெண்டு."

"பால்ல சீனி?"

"சீனி இல்லாத பாலை எப்படிச் சாமிக்கு வைக்கிறது?"

சுபாஷினி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "சாமிக்கு வைங்க ஆச்சி, அங்கிளுக்கு வேணாம். தண்ணி மட்டும்தான்லா."

செய்தி கேட்ட டாக்டர் ஹைக்கல் நெற்றியில் தட்டிக்கொண்டார். நோன்பைக் குறிக்கும் மலாய்ச் சொல்லான பூவாசாவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பொருள் என்று தமக்குத் தோன்றவேயில்லை என்றார். ஊசி யோசனையை நிறுத்திவைத்து, மாத்திரையையும் பழைய அளவுக்கே இறக்கினார்.

அடுத்த வாரம் சோமசுந்தரம் தண்ணீர் மட்டும் குடித்து வந்தார். அளவு நன்றாக இறங்கியிருந்தது, ஊசி தேவையில்லை. அவர் எழுந்திருக்காமல் சுபாஷினியைப் பார்த்தார்.

"அடுத்த தடவையும் நீதானேம்மா?"

"சொல்ல முடியாது அங்கிள். டாக்டர் மாறுவாரு, நானும் மாறுவேன். யார் இருந்தாலும், என்ன சாப்பிட்டீங்கன்னு அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க."

சரி என்று தலையசைத்தவர், அந்தக் கட்டடத்துக்குள் முதன்முறையாகச் சிரித்தார்.