கதவுப் பாட்டை முதலில் பாடியது யார்?

எல்லோரும் சௌக்கியமா? முழங்கால், முதுகு, தொண்டை எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்கிறதா? தொண்டையைத் தனியாக விசாரிக்கக் காரணம் இருக்கிறது. இந்தக் கதையில் அடிபட்டது ஒரு தொண்டைதான். கையில் இருக்கிற வேலையைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள், சொல்கிறேன்.

ஒரு அக்கா, ஒரு தங்கச்சி. அக்கா துணி ஆலையில் மோட்டார் மெக்கானிக். ஆலையை விட்டு வெளியே வந்தால் தோளில் பேஸ் கிடார் ஏறிவிடும். தங்கச்சி பாடுவாள். தங்கச்சியின் புருஷன் டிரம்ஸ் அடிப்பார். அக்காவுக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு இவள் அண்ணி. அவ்வளவுதான் குழு. கறுப்பினக் கலைஞர்கள் ஒரு காலத்தில் அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடிய சோல் பாட்டுகள்தான் மூன்று பேருக்கும் உயிர். தங்கச்சியும் மாப்பிள்ளையும் நடத்தும் சலவை, தையல் கடைக்குப் பின்னால் இருக்கிற இஸ்திரி அறையில் ஒத்திகை. அக்கா தடித்த கம்பியைத் தட்டினால் அலமாரியில் இருக்கும் பொத்தான் டப்பா கடகடவென்று ஆடும்.

வேறு வாத்தியம் கிடையாது. அதனால் அக்காவின் பேஸ் எந்தச் சுதியில் நிற்கிறதோ அந்தச் சுதியில்தான் தங்கச்சி பாட வேண்டும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒத்திகைக்கு முன்னால் அவர்களுக்குள் ஒரு விளையாட்டு உண்டு. ஒருவர் ஏதாவது ஒரு பழைய பாட்டின் பேஸ் லைனை, அதாவது அடியில் ஓடும் கனத்த மெட்டை, மட்டும் வாசிப்பார். அதை முதன்முதலில் பதிவு செய்தது யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். பின்னால் வந்த காப்பியைச் சொன்னால் தோல்வி. தோற்றவர் அடுத்த கச்சேரிக்குக் குழுவின் கனத்த ஸ்பீக்கர் பெட்டியைச் சுமக்க வேண்டும். அக்கா பெட்டி தூக்கி யாரும் பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் இடுப்புக்குத்தான் அந்தப் பெட்டியை நன்றாகத் தெரியும்.

அந்த வாரம் ஒத்திகைக்கு நாலாவது ஆள் ஒருவன் வந்து உட்கார்ந்திருந்தான். யார் கூப்பிட்டாலும் போய் பேஸ் வாசிப்பவன். ஒரு குழுவில் நிலையாக இருந்ததில்லை. அதனால் எல்லோரும் அவனை வாடகை என்று கூப்பிடுவார்கள், அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான்.

அக்கா உள்ளே வந்ததும் மாப்பிள்ளை டிரம்ஸின் திருகைத் திருகத் தொடங்கினார். ஏற்கனவே இறுக்கமாக இருந்த திருகு.

"சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தாப்ல அண்ணி."

"பாக்க வந்தவர் எதுக்கு மாப்ள கிடாரோட வந்திருக்கார்?"

 தங்கச்சி ஒரு சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அக்காவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சனிக்கிழமை கச்சேரி, பெரிய மண்டபம். தன் இடத்துக்கு ஆள் பார்க்கிறார்கள். 

"வாசிங்க தம்பி. யார் முதல்னு நான் சொல்றேன்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

வாடகை கூச்சத்தோடு வாசித்தான். தும்… துதும். தும்… துதும். யாரோ அவசரமாகக் கதவைத் தட்டுகிற மாதிரி. அவர்கள் கதவுப் பாட்டு என்று பெயர் வைத்திருந்த பாட்டு அது. ஆனால் அக்கா வாசிப்பதை விட வேகமாகவும், சுதி நன்றாக மேலேயும் இருந்தது.

"இது காப்பி" என்றாள் அக்கா.

"இல்லக்கா. இதுதான் ஒரிஜினல். ஒரு லேடி பாடினது. போன்லயே இருக்கு, கேக்கறீங்களா?"

"எனக்குத் தெரியும் தம்பி. அது பின்னாடி வந்தது. ஆடறவங்களுக்காக வேகத்தக் கூட்டிச் சுதிய ஏத்திட்டாங்க. முதல்ல பாடினது ஒரு ஆம்பள. நிதானமா, கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி பாடுவார். அதுக்கு வாசிச்சவர் தடிச்ச கம்பியத் தளத்தி விட்டு வாசிச்சிருக்கார். நானும் அப்படித்தான் வாசிக்கறேன்."

"அப்படி ஒரு ரெக்கார்டு இருக்கறதா யாருமே சொல்லலியேக்கா."

"யாரும் சொல்லலேன்னா இல்லேன்னு ஆயிடுமா? என் வீட்ல இருக்கு!"

மாப்பிள்ளை குச்சியைக் கீழே வைத்தார். "அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. அந்தச் சுதியில இவளால பாட முடியல. ஒவ்வொரு கச்சேரிக்கு அப்புறமும் ரெண்டு நாள் பேச்சு வராது. கடையில வாடிக்கக்காரங்க கிட்ட சைகைல பேசறா. போன வாரம் ஒருத்தர் இவளுக்கு வாயே பேச வராதுன்னு நினைச்சுப் பாவப்பட்டுட்டுப் போனார்."

"மாப்ள, ஒரிஜினல ஒரிஜினலாத்தான் பாடணும். தொண்டைக்கு வசதின்னு பாட்ட வெட்டித் தைக்க இது உங்க கடை பேண்ட்டு இல்ல."

"அக்கா…" என்று ஆரம்பித்த தங்கச்சி, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அக்காவுக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஸ்டூலை விட்டு எழுந்தாள்.

"சரி. இப்பவே எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க. ரெக்கார்டுத் தட்டப் போடறேன், காதால கேளுங்க. ஆம்பளதான் முதல்ல பாடினார்னா இந்தத் தம்பி இனிமே இந்த ரூம் பக்கம் வரக் கூடாது. லேடிதான் முதல்னா, சனிக்கிழமை அவர் வாசிக்கட்டும். அதுக்கப்புறமும் அவரே வாசிக்கட்டும்."

"ஐயோ, நான் சண்டைக்கு வரலக்கா…"

"வந்தாச்சுல்ல. செருப்ப மாட்டுங்க."

நாலு பேரும் தெருவில் ஒருவர் பின்னால் ஒருவராக நடந்தார்கள். கடைகளில் விளக்குப் போடும் நேரம். ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பார்த்தவர்கள் துக்க வீட்டுக்குப் போகிறார்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அக்கா வீட்டு முன்னறையில் மூலை மேசை மேல் அந்த ரெக்கார்டு பிளேயர் இருந்தது. கப்பலில் வேலை பார்த்த சித்தப்பா தூர தேசத்திலிருந்து தூக்கி வந்தது. அதன் கூடவே செங்கல் கனத்தில் ஒரு இரும்பு டப்பா. அங்கத்திய கரண்டு வலு குறைவு, இந்த டப்பா வழியாகக் கொடுக்காவிட்டால் பெட்டி எரிந்துவிடும் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். பெட்டியோடு வந்தது ஒரே ஒரு தட்டு. உறையில் பெயர் இருந்த பக்கத்தையும் தட்டின் நடுவில் ஒட்டிய சீட்டையும் பூச்சி தின்றுவிட்டது. மிச்சம் இருந்தது காதில் பெரிய வளையம் போட்ட ஒரு பெண்ணின் முகம் மட்டும். மற்ற சோல் பாட்டெல்லாம் அக்கா கேசட்டிலும் போனிலும் கேட்டுப் பழகினவை. இது ஒன்றுதான் தட்டில் கேட்டது. சின்ன வயதில் அக்காவும் தங்கச்சியும் அந்த மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு கேட்டுக்கேட்டுத் தேய்த்த தட்டு.

வாடகை உறையைக் கையில் வாங்கிப் பார்த்தான். "படத்துல லேடிதானே இருக்காங்க?"

"அழகா இருக்கான்னு எவளையோ புடிச்சுப் போட்டிருப்பான். அந்தக் காலத்துல எல்லாம் அப்படித்தான்" என்றாள் அக்கா. ஊசியை இறக்கினாள்.

கரகரவென்ற சத்தத்துக்குப் பின்னால் அந்தக் கதவுத் தட்டல் வந்தது. தும்ம்… துதும்ம். அவசரமே இல்லாமல், பதில் வராது என்று தெரிந்தே ஒருவன் தட்டுகிற மாதிரி. பிறகு குரல். கனத்த, இருண்ட ஆண் குரல்.

வாடகையின் முகத்தில் ஈயாடவில்லை. குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தான். "இப்படி ஒண்ணு இருக்கா! எவ்ளோ கீழ போறாரு!" உறையை மரியாதையாக மேசை மேல் வைத்துவிட்டுத் தன் கிடார்ப் பையைத் தோளில் மாட்டினான். "மன்னிச்சுக்கங்கக்கா. நான் போனத நம்பிட்டேன்."

மாப்பிள்ளை தலையைச் சொறிந்தார். "ஜெயிச்சுட்டீங்க அண்ணி."

அக்கா பெருமூச்சு விட்டாள். இடம் தப்பித்தது. 

தங்கச்சி மட்டும் தட்டைப் பார்த்தபடியே நின்றிருந்தாள். அந்தக் குரலோடு சேர்ந்து மெல்ல முனகிப் பார்த்தாள். கீழே இறங்கும் இடத்தில் வழக்கம் போலச் சத்தம் செத்து, இருமல் வந்தது. தொண்டையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"இந்த ஆளு மூச்ச இழுக்கறதக் கேளேன். எவ்ளோ நேரம் இழுக்கறாரு. மூச்சு முட்டினவன்கூட இப்படி இழுக்க மாட்டான்."

யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அக்காவுக்கு மட்டும் காது திறந்துகொண்டது. இத்தனை வருஷமும் அவள் கேட்டது பேஸை. பாடுகிறவர் மூச்சை அவள் கேட்டதே இல்லை. கேட்டுப் பார்த்தாள். மனுஷ மூச்சு இல்லை அது. யாரோ பிடித்து நீட்டிய மூச்சு.

போன மாதம் ஆலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பழைய மெஷின் வந்து இறங்கியது. எண்ணெய் போட்டாலும் பெல்ட் மாற்றினாலும் சோம்பிச் சோம்பித்தான் ஓடியது. கடைசியில் அக்காதான் கண்டுபிடித்து முதலாளியிடம் சொன்னாள்: அங்கே கரண்டு துடிக்கிற வேகம் அதிகம், இங்கே குறைவு, துடிப்பைப் பார்த்து ஓடுகிற மோட்டார் இது, இங்கே மெதுவாகத்தான் ஓடும். டப்பா வைத்தால் வலு மாறும், துடிப்பு மாறாது.

டப்பா வைத்தால் துடிப்பு மாறாது.

அவள் கண் மேசைக்குக் கீழே இருந்த இரும்பு டப்பாவுக்குப் போனது. அது ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது. ஊரெல்லாம் மோட்டார் பார்க்கிறவள், தன் வீட்டு மோட்டாரை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். ஒருவருக்கும் தெரியாது. சொல்லாவிட்டால் தெரியவும் போவதில்லை. வாடகை வாசல் வரைக்கும் போய்விட்டான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், சனிக்கிழமை மண்டபத்தில் அவள்தான்.

"சரிக்கா, விடு" என்றாள் தங்கச்சி, கரகரத்த குரலில். "சனிக்கிழமையும் கீழ்ச் சுதியிலயே பாடிடறேன். வெந்நி குடிச்சுக்கறேன்."

அந்த வெந்நீர்தான் அக்காவைச் சுட்டது.

"தம்பி, நில்லுங்க" என்றாள். வாடகை திரும்பினான்.

அக்கா ஊசியைத் தூக்கிப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தாள். சுழலும் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்து முன்னால் தள்ளினாள். முதலில் பாட்டு தடுமாறியது. இன்னும் தள்ளினாள். பேஸ் எழுந்து நின்றது, கதவைத் தட்டுகிறவனுக்கு அவசரம் வந்தது. அதற்கு மேலே, அந்த ஆண் குரல் மெல்ல மெல்ல வெளுத்து, உயர்ந்து, ஒரு பெண்ணின் குரலாக மாறியது. விரல் நடுங்கியபோது குரலும் நடுங்கியது. ஆனால் அது பெண்தான். காதில் வளையம் போட்ட அந்தப் பெண்தான்.

வாடகை கிடார்ப் பையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"மோட்டார் இந்த ஊர் கரண்டுக்கு மெதுவா ஓடுது" என்றாள் அக்கா, தட்டை விட்டு விரலை எடுக்காமல். "ஆம்பளயே இல்ல. எப்பவும் இருந்ததில்ல."

முதலில் சிரித்தவர் மாப்பிள்ளை. "அண்ணி! இல்லாத ஒரு ஆம்பள மாதிரி பாடச் சொல்லி என் பொண்டாட்டியப் பாடாப் படுத்திட்டீங்களே!" பெண்டாட்டி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தங்கச்சி சிரிக்கவில்லை. "நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன், முடியலன்னு? நீ ஒரு தடவயாவது என் தொண்டையக் கேட்டியா? அந்தத் தட்டத்தான் கேட்ட."

அக்கா ஊசியைத் தூக்கி வைத்தாள். தன் கிடாரை எடுத்தாள். தளர்ந்து தொங்கிய தடித்த கம்பியை, திருகைத் திருகி, இருக்க வேண்டிய இடத்துக்கு இறுக்கினாள். கம்பி கிறீச்சென்றது. பிறகு கிடாரை வாடகையிடம் நீட்டினாள்.

"என்னோடதுல வாசிங்க. சத்தம் நல்லா இருக்கும்."

"அக்கா, இது எதுக்கு…"

"சொன்னது சொன்னதுதான். வாசிங்க, அவ பாடட்டும்."

அவன் வாசித்தான். மாப்பிள்ளை மேசை விளிம்பில் விரலால் தாளம் போட்டார். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். கீழே தேடித் தேடித் தொலைந்துபோகும் குரல், மேலே தன் வீட்டுக்கு வந்த மாதிரி கால் நீட்டி உட்கார்ந்தது. ஒரு இருமல் இல்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கூடப் பிறந்தவளின் குரலை அக்கா அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இரும்பு டப்பாவின் சுவிட்சைக் காலால் அணைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. தோற்றவள் அக்காதானே, ஸ்பீக்கர் பெட்டியை அவள்தான் சுமந்தாள். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடிக்க வந்தபோது, "கையை எடுங்க மாப்ள, எனக்குச் சேர வேண்டியது" என்று விரட்டிவிட்டாள். படி ஏறும்போது இடுப்பில் சுளீரென்றது. இத்தனை நாள் அவர் தூக்கியதன் கனம் அப்போதுதான் தெரிந்தது.

கச்சேரி முழுக்கக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஒன்றும் இல்லை, ஆனால் விரல்கள் முழங்காலில் வாசித்துக்கொண்டே இருந்தன. கதவுப் பாட்டு வந்தபோது கூட்டம் எழுந்து நின்றது. அக்கா எழவில்லை. எழுந்தால் அழுதுவிடுவோம் என்று பயம்.

முடிந்ததும் பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். தங்கச்சி பின்னால் வந்து நின்றாள். பாடி முடித்த பிறகும் குரல் கணீரென்று இருந்தது.

"வாடகைக்கு வேற குழுவுல ஏற்கெனவே வாக்குக் குடுத்தாச்சாம். அடுத்த வாரம் வர மாட்டானாம்."

"வேற ஆள் பாருங்க. நான் வாக்குக் குடுத்தாச்சு."

"நீ அவனுக்குக் குடுத்த வாக்கு அவனோட போச்சு. என்கிட்ட நீ ஒண்ணும் குடுக்கல." தங்கச்சி வண்டிக் கதவில் சாய்ந்தாள். கோபம் இன்னும் முழுசாக இறங்கவில்லை என்று நின்ற நிலையிலேயே தெரிந்தது. "புதன்கிழம ஒத்திகை. சுதி நான் சொல்றதுதான். முடியலன்னு நான் சொன்னா நீ கம்பியத்தான் மாத்தணும், என்னைய இல்ல. சம்மதம்னா வா."

அக்கா பெட்டியை வண்டிக்குள் தள்ளினாள். "எந்தப் பாட்டு முதல்ல?"

"அத நான் புதன்கிழம சொல்றேன்" என்று சொல்லிவிட்டுத் தங்கச்சி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அக்கா தெருவிளக்கின் கீழ் உட்கார்ந்து, வாடகை திருப்பிக் கொடுத்த தன் கிடாரை எடுத்து, நாலு கம்பியும் சரியான சுதியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டிலும் ஒரு பாட்டு தப்பாகவே காதில் ஏறி, அதற்காக யாரோடாவது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருப்பீர்களே? யார் முதலில் பாடியது என்று சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டே சண்டை போட்டிருப்பீர்களே? என்ன பாட்டு, யாரோடு சண்டை, கடைசியில் பெட்டியைத் தூக்கியது யார், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எனக்கு எழுதுங்கள்.