மதிய ஷிப்ட்

மடக்கு நாற்காலிகளை மாஸ்டர் ஒவ்வொன்றாக விரித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நேற்றிலிருந்து யாரும் கழற்றாமல் விட்டிருந்த உருண்டை ஸ்பீக்கர் வாயைத் திறந்தது.

"மணி பத்து. நீல மாத்திரை சாப்பிடும் நேரம். தண்ணீர் நிறையக் குடியுங்கள்."

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை அப்படியே நிறுத்தினார்கள். திறந்திருந்த கதவு வழியாக எல்லாரும் அறைக்குள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா எப்போதும்போல் கட்டிலில் படுத்திருந்தாள். கைகள் மட்டும் யாரோ வைத்த இடத்தில் இருந்தன. அக்கா விறுவிறுவென்று உள்ளே போய் வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். பிளக் சுவரில் மோதித் தரையில் விழுந்தது.

"கூப்பிட வேண்டிய நேரத்துல வாயத் திறக்கல. இப்ப மாத்திரை சொல்ல வந்துட்டா, மாத்திரை!"

மாஸ்டர் கையில் பாதி விரிந்த நாற்காலியோடு நின்றான். அக்கா சொன்னது பொய் என்று அந்த வீட்டில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் என்பதால் ஊருக்கே அவன் மாஸ்டர். அம்மா ஒருத்திதான் "டேய்" என்று கூப்பிடுவாள். அவள் முப்பத்தோரு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். போர்டில் வயரைச் செருகி, இந்தப் பக்கத்துக்காரரையும் அந்தப் பக்கத்துக்காரரையும் "கேக்குதா? பேசுங்க" என்று சேர்த்து வைத்துவிட்டு லைனை விட்டு விலகிவிட வேண்டும். ஒரு நாளும் ஒட்டுக் கேட்டதில்லை என்பதில் அவளுக்கு அவ்வளவு பெருமை. வயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, பிளக்கைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஓய்வு பெற்ற பிறகு அந்தச் சட்டத்தை வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கும் மிக்ஸிக்கும் கொண்டுவந்து எல்லார் உயிரையும் வாங்கினாள்.

இதயம் சோர்ந்துபோய் அவள் படுக்கையில் விழுந்தபோது கண்ணும் மங்கியிருந்தது. போனில் எண் தெரியவில்லை. வாயால் சொன்னால் கூப்பிடுகிற ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்தால் நல்லது என்று மாஸ்டருக்குத் தோன்றியது. நான்கு மணி நேரப் பயணத் தொலைவில் இருந்த அக்காவுக்கும் அதே நாளில் அதேதான் தோன்றியது. இருவரும் ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் ஆச்சரியம். ஒரே வாரத்தில் ஒரே கடையிலிருந்து இரண்டு பெட்டிகள் வந்து சேர்ந்தன.

அக்கா வாங்கியது நெட்டையாக, தூண் மாதிரி இருந்தது. விலையும் அதிகம். மாஸ்டர் வாங்கியது உருண்டை.

"உன்னோடது ஓரமா நின்னு பேசினாவே கேக்காதாம். நான் நாலு இடத்துல விசாரிச்சேன்" என்றாள் அக்கா. பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை அவளுக்கு. உடைந்ததைப் பொறுக்கிப் போட்டே பழகிய கை.

"உன்னோடது பாட்டு கேக்கத்தான் லாயக்கு. அம்மா என்ன டான்ஸா ஆடப்போறாங்க?"

"சரி, அம்மாவுக்கு எது பிடிக்குதோ அது இருக்கட்டும்."

"அதத்தான் நானும் சொல்றேன்."

இரண்டு பேரும் மனதுக்குள் தன்னுடையதைத்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு அது தெரியாதா என்ன? திருப்பி அனுப்பப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு என்று கேட்டதும் உற்சாகமாகிவிட்டாள்.

"அப்ப ரெண்டு பேரும் ட்ரெய்னிங்கு. நெட்டைக்குக் காலை ஷிப்ட், ஆறுலேருந்து ஒண்ணு. உருண்டைக்கு மதிய ஷிப்ட், ஒண்ணுலேருந்து எட்டு. பதினஞ்சாம் நாள் மார்க் போட்டுச் சொல்றேன். அதுக்கு முன்னாடி யாரும் சிபாரிசுக்கு வரக் கூடாது."

அதன்படி தினமும் ஒரு மணிக்கு மாஸ்டரின் மனைவி ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டினாள். பிளக்கைப் பிடித்துத்தான். மாத்திரை நேரங்களை இரண்டிலுமே பதிந்து வைத்திருந்தாள். இரண்டுமே "ஹலோ" என்றால் விழித்துக்கொள்ளும். அம்மாவுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. மணி கேட்டாள், மழை வருமா என்று கேட்டாள், ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டு எரிச்சல் வருகிறதா என்று சோதித்தாள்.

"குரல் யாருக்கு வேணா நல்லா இருக்கும்" என்றாள் ஒரு நாள் மருமகளிடம். "பார்ட்டி எடுக்கலைன்னா என்ன பண்றாங்கறதுதான் ஆபரேட்டர். எங்க காலத்துல அந்தப் பக்கம் எடுக்கலைன்னா இந்தப் பக்கம் திட்டு எங்களுக்குத்தான் விழும். தூங்கறியான்னு கேப்பாங்க. எடுக்காதவன் யாரோ, வாங்கிக் கட்டிக்கறது நாங்க."

"நீங்க திருப்பிச் சொல்ல மாட்டீங்களா அத்தை?"

"என்னத்தச் சொல்றது? 'பார்ட்டி பிஸி'ன்னு சொல்லிட்டு அடுத்த காலுக்குப் போயிடுவேன்."

உருண்டையிடம் ஒரு கோளாறு இருந்தது. மூன்று மணிக்கு ஓடுகிற சீரியலில் ஒரு மாமியார் எப்போது பார்த்தாலும் போனை எடுத்து, "ஹலோ, என் மகனைக் கூப்பிடு" என்று அதட்டுவாள். உருண்டை பயபக்தியோடு மாஸ்டரைக் கூப்பிட்டுவிடும். முதல் தடவை பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி எடுத்தான். சீரியல் மாமியார் அழுதுகொண்டிருந்தாள். இரண்டாம் தடவை சிரித்தான். மூன்றாம் தடவையிலிருந்து எடுக்காமலே கட் பண்ணினான். அக்காவிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உருண்டையின் மார்க் போய்விடும்.

நேற்று பதினான்காம் நாள். மூன்று மணி தாண்டி பன்னிரண்டு நிமிடம். நாற்சந்தியில் திரும்ப வேண்டிய இடத்தில், புதிதாகச் சேர்ந்த மாணவி ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிட்டாள். பின்னால் ஹாரன் சத்தம். மாஸ்டரின் கால் அவன் பக்கத்து பிரேக்கில் இருந்தது. போன் அடித்தது. வீட்டு உருண்டை. 'சீரியல் ஆரம்பிச்சிருச்சு' என்று நினைத்துக் கட் பண்ணினான்.

மனைவி மருந்துக்கடைக்குப் போயிருந்தாள். இருபதே நிமிடம். மூன்றரைக்கு அவள் போன் செய்தபோது பேச்சு வரவில்லை. மாஸ்டர் வீட்டுக்கு ஓடி வந்து பார்த்த முதல் பொருள் அம்மா இல்லை, டிவி. அது அணைந்து கிடந்தது. ரிமோட் அலமாரியின் மேல், அம்மாவுக்கு எட்டாத இடத்தில் இருந்தது.

இன்று பதினொன்றுக்கு அமரர் ஊர்தி வந்தது. ஒரு மணிக்குள் எல்லாம் முடிந்து, குளித்துவிட்டு, வீடு காலியாகிவிட்டது. இவ்வளவு சீக்கிரம் காலியாகும் என்று அவன் நினைக்கவில்லை. அவனும் மனைவியும் அக்காவும் ஆளுக்கொரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். விரித்த நாற்காலிகள் மிச்சம் பதினாறு இருந்தன.

"நான் போயிருக்கக் கூடாது" என்றாள் மனைவி. காலையிலிருந்து பத்தாவது தடவை.

"உன்ன நான் ஒரு வார்த்தை சொன்னேனா?" அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமா நீதான பாத்துக்கிட்ட. நான் பண்ணினது வாரத்துக்கு ஒரு போன். உன்மேல என்ன தப்பு? நீ இல்லாத நேரத்துக்குத்தான மெஷின வச்சோம்? அம்மா கூப்பிடாமலா இருந்திருப்பாங்க? கூப்பிட்டிருப்பாங்க. அதுக்குக் கேட்டிருக்காது. தம்பி, உனக்குக் கால் எதுவும் வரலதான?"

நேற்று இரவு வந்து இறங்கியதுமே ஒரு தடவை கேட்டாள். அப்போது அழுகைக்கு நடுவே இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினான். இப்போது வாயால் சொல்ல வேண்டியிருந்தது.

"வரல."

"பாத்தியா? அடிக்கிற மணி கூட ஒழுங்கா அடிக்கல." அக்கா எழுந்து அறைக்குள் போய் உருண்டையைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தாள். வயர் தரையில் இழுபட்டுக்கொண்டு பின்னால் வந்தது. "நாலரைக்கு எடுத்துட்டுப் போக ஆள் வருது. நேத்தே பதிவு பண்ணினதுதான். எதுன்னு அம்மா சொல்றதுக்காகப் பேர் மட்டும் போடாம வச்சிருந்தேன். இது போகட்டும். இந்த வீட்ல இது ஒரு நிமிஷம் இருக்கக் கூடாது."

போனில் திருப்பி அனுப்பும் படிவத்தைத் திறந்தாள். காரணம் கேட்டிருந்தது. தொழிற்சாலையில் எழுதுகிற மாதிரி, எழுத எழுதச் சத்தமாகப் படித்தாள். "அவசர நேரத்தில் வேலை செய்யவில்லை. உயிர் போயிருக்கிறது. வேறு யாருக்கும் இதை விற்க வேண்டாம்." பிறகு உருண்டையைப் பார்த்து, "தூங்கிட்டியா நேத்து? ஒரு கால் போட முடியல உன்னால?" என்றாள். அழுதுகொண்டே திட்டினாள்.

எடுக்காதவன் யாரோ. அவன் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

"அனுப்பறதுக்கு முன்னாடி அதுல இருக்கற பதிவையெல்லாம் அழிக்கணுமாம். உன் போன்லதான அது இருக்கு? அழிச்சுடு."

அவன் போனை எடுத்துத் திறந்தான். உருண்டையிடம் அம்மா சொன்னதெல்லாம் தேதி, மணியோடு வரிசையாக இருந்தது. அடியில் சிவப்பு எழுத்தில் 'அனைத்தையும் அழி'. ஒரு தடவை தொட்டால் போதும். அக்காவின் கோபம் பெட்டியில் ஏறிப் போய்விடும். மனைவிக்கும் மனசு ஆறிவிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

வரிசையில் மேலே இரண்டு பதிவுகள். நேற்று 3:12. நேற்று 3:13.

முதலாவது என்னவென்று தெரியும். இரண்டாவது என்ன? கட் பண்ணிய பிறகு அம்மா என்ன பேசினாள்? வலித்திருக்குமா? அவனைத் திட்டியிருப்பாளா? அல்லது மறுபடியும் அவனையே கூப்பிடச் சொல்லி, உருண்டைக்குப் புரியாமல் போய்விட்டதா? ஒட்டுக் கேட்பது அவளுக்குப் பிடிக்காது என்பது இந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. ஆனால் கேட்காமல் அழித்தால், மிச்ச காலம் முழுக்க தினமும் மூன்று பன்னிரண்டு வரும்.

"அழிச்சாச்சா?"

"அக்கா." குரல் அவனுக்கே அந்நியமாகக் கேட்டது. "அதத் திட்டாத. அது கூப்பிட்டுச்சு."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"கால் வந்துச்சு. நான்தான் கட் பண்ணேன். சீரியல்னு நெனச்சேன். முன்னாடியும் அப்படி வந்திருக்கு, உங்கிட்ட மறைச்சுட்டேன். மார்க் கொறைஞ்சிடும்னு." மூக்கைப் புறங்கையால் துடைத்தான். "அதுக்கப்புறம் ஒரு பதிவு இருக்கு. நான் இன்னும் கேக்கல. தனியா கேக்க தைரியம் இல்லக்கா."

அவன் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா அறைந்துவிடுவாள் என்று நினைத்தான். அறைந்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான். அக்கா நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "போடு" என்றாள்.

"ஹலோ. மகனைக் கூப்பிடு." அம்மா. மூச்சு வாங்கியது. அந்த நிலையிலும் ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற மாதிரி சொன்னாள். பிறகு மணி அடிக்கிற சத்தம். பிறகு உருண்டையின் குரல். "உங்கள் அழைப்பு ஏற்கப்படவில்லை."

மாஸ்டரின் விரல் இரண்டாவதின் மேல் போய் நின்றது. அக்கா தன் விரலால் அதைத் தொட்டாள்.

"ஹலோ." நீண்ட மூச்சு. கட்டில் கிரீச்சிட்டது. "உம்மேல தப்பில்லம்மா. நீ சரியாத்தான் போட்ட." இன்னொரு மூச்சு. "பார்ட்டி பிஸி. வண்டில ஆள் இருக்கும். நீ லைன விட்டுடு."

"மன்னிக்கவும். எனக்குப் புரியவில்லை" என்றது உருண்டை.

அவ்வளவுதான். பதிவு அங்கே முடிந்தது.

மாஸ்டர் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு சின்னப் பையனாக விம்மினான். அக்கா அவனைத் தேற்றவும் இல்லை, விலக்கவும் இல்லை. அவன் முதுகில் கையை வைத்தாள். "என்னைக் கூப்பிடலயேன்னு நேத்துலேருந்து எனக்கு ஒரு இது" என்றாள். "அந்தக் கோவத்துலதான் அதத் திட்டினேன் போல." பிறகு படிவத்தில் எழுதியதையெல்லாம் எழுத்தெழுத்தாக அழித்தாள்.

நாலரைக்குச் சொன்னபடி ஆள் வந்து மணி அடித்தான். ஒரே கடைப் பெயர் போட்ட இரண்டு அட்டைப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "எதுங்க எடுக்கணும்?" என்றான். அக்கா அறையின் மூலையில் நின்ற நெட்டையைத் துடைத்து, அதன் பெட்டியில் வைத்து, தானே டேப் ஒட்டிக் கொடுத்தாள்.

"காரணம் என்னன்னு போடட்டும் மேடம்? ஏதாவது குறையா?"

"அது காலை ஷிப்ட்ல நல்லாத்தான் வேலை பாத்துச்சு. ஒரு குறையும் இல்ல. வீட்டுக்கு ஒண்ணு போதும்னு போட்டுக்கோங்க."

அவன் போனதும் உருண்டையை எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். மாஸ்டர் வாசற்படியில் நின்று பார்த்தான். பழைய இடத்திலேயே வைத்து, தரையில் குத்த வைத்து உட்கார்ந்து, வயரைச் சிக்கெடுத்தாள். பிறகு பிளக்கை அதன் தலையைப் பிடித்து மெதுவாகச் சுவரில் செருகினாள். உருண்டையின் மேல் சின்ன விளக்கு ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

யாரும் அதனிடம் எதுவும் கேட்கவில்லை. மணி நாலே முக்கால். ஷிப்ட் முடிய இன்னும் மூன்றேகால் மணி நேரம் இருந்தது.