கால்கட்டு

"பின்பக்கம் இன்னாடி போற? முன்னால வந்து நாற்காலியில குந்து" என்றாள் பெரியம்மா காசம்மாள்.

ஆரோக்கிய செல்விக்குத் தூக்கிவாரிப் போட்டது. வில்லியனூரில் அந்த வீட்டுக் கூடத்தில் அவள் உட்கார்ந்ததே இல்லை. புருஷன் செத்ததிலிருந்து நல்ல காரியம் பேசுகிற இடத்தில் அவள் நிழல்கூடப் படக் கூடாது. காசம்மாளின் குடும்பம் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. ஞாயிறு பூசை தவறாது. ஆனாலும் தாலியறுத்தவள் எதிரே வந்துவிட்டால் வீட்டுக்குள் திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் புறப்படுவார்கள். மாதா மன்னித்துக்கொள்வாள் போலிருக்கிறது.

இன்று மட்டும் என்ன திடீர்ப் பாசம்? காரணம் கிணற்றடியில் நின்றது. மகன் பாஸ்கல். பொழுது விடிந்தால் சாராயக்கடை, பொழுது சாய்ந்தால் சாக்கடை. மீசை முளைத்த அந்த ஆண்பிள்ளையின் தலையில் வேலைக்காரன் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தெளியவைத்துக்கொண்டிருந்தான்.

செல்வி புதுச்சேரியில் கன்னியர் நடத்தும் மையத்தில், குடிகாரர்களிடம் பேசிக் குடியை விடவைக்கும் ஆலோசகர் வேலைக்குப் பயிற்சி எடுத்துவந்தாள். எண்பத்தைந்தாம் வருஷத்தில் அது ஊருக்குப் புதுசு. பங்குச் சாமியாரின் சிபாரிசில்தான் இடம் கிடைத்தது. சாமியாரோ யாகப்பன் பேச்சைத் தட்டமாட்டார். யாகப்பன் காசம்மாளின் புருஷன், கோயில் பெரியதனக்காரர்.

பாஸ்கலையும் அந்த மையத்தில்தான் சேர்த்தார்கள். சேர்த்த அன்றே சுவரேறிக் குதித்து ஓடிவந்துவிட்டான். பிறகு குடும்பமே கூடி உட்கார்ந்து ஒரு வைத்தியம் கண்டுபிடித்தது. கல்யாணம். ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவானாம். பெற்றவர்களால் முடியாததை, முன்பின் தெரியாத ஒருத்தி கழுத்தை நீட்டி முடித்துத் தரவேண்டும். இந்தக் கூறுகெட்ட வைத்தியத்தைக் கேட்டு ஊரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லா வீட்டிலும் இதே வைத்தியம்தான்.

"காட்டேரிக்குப்பத்துலேர்ந்து பொண்ணோட அம்மா வருது. அது காதுல எவனோ ஓதிட்டான். நீதான் படிக்கிறியே, 'வைத்தியம் பாத்தாச்சி, சுத்தமா வுட்டுட்டாரு'ன்னு ஒரு வார்த்த சொல்லிடு."

"வுடலையே பெரியம்மா."

"கல்யாணம் ஆனா வுட்டுடுவான். உன் படிப்பு நெலைக்கணும்னா சொல்லு. இல்லன்னா உங்க பெரியப்பா சாமியாராண்ட போவாரு. அப்புறம் நீ களை பறிக்கத்தான் போவணும்."

செல்வி நாற்காலியில் உட்கார்ந்தாள். பயிற்சியை முடித்தால் மையத்திலேயே வேலை என்று சொல்லியிருந்தார்கள்.

பெண்ணின் தாய் ரோசம்மாள் தரகர் செல்லக்கண்ணுவோடு வந்தாள். பவுடர் பூசிய பாஸ்கல் பலகாரத் தட்டை நீட்டினான். தட்டு தந்தியடித்தது. "மாப்ளைக்குக் கூச்சம்" என்றார் தரகர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அந்த ஆளை விட்டால் ஆள் கிடையாது.

ரோசம்மாள் செல்வியிடம் திரும்பினாள். "நீதான் அந்தப் படிப்பு படிக்கிறியாமே. இவருக்குக் குடி இல்லதானே? எங்க அல்போன்சாவுக்கு அப்பா இல்லம்மா. உன்ன நம்பித்தான் கேக்கறேன்."

"எங்க படிப்புல, வந்தவங்க சமாச்சாரத்த வெளிய சொல்லக் கூடாதுக்கா."

காசம்மாளுக்கு மூச்சு வந்தது.

"என் சமாச்சாரத்த வேணா சொல்றேன். எங்க வூட்டுக்காரரு குடிச்சாரு. எல்லா மருந்தும் குடுத்துப் பாத்துட்டு, கடைசி மருந்துன்னு என்னக் கட்டி வெச்சாங்க. அவரு செத்துட்டாரு. மருந்து இங்க குந்தியிருக்கு."

ரோசம்மாள் அவளுடைய வெள்ளைப் புடவையையே பார்த்தாள். பிறகு காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார் செல்வியைக் கூப்பிட்டனுப்பினார். "வாய அடக்கத் தெரியாதவளுக்கு இந்த வேலை சரிப்படாதும்மா. மையத்துக்குச் சொல்லிட்டேன்" என்றார். பாஸ்கலைப் பற்றி அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரியும். பக்கத்தில் யாகப்பன் கைகட்டிப் பக்தியாக நின்றிருந்தார். வெட்கம் மானம் இருந்தால்தானே.

செல்வி அழுதுகொண்டேதான் வீட்டுக்குப் போனாள். களை பறிக்கவும் போனாள்.

மறுவாரம் செல்லக்கண்ணு பாஸ்கலுக்கு வேறு பெண் பார்க்கப் பாகூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினார். "சோரியாங்குப்பம் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினார்.

"எனக்கும் அதுதான்" என்று பெண்கள் சீட்டிலிருந்து சில்லறையை நீட்டினாள் செல்வி.